பென்டெஸ்டிங், பாதுகாப்புத் தணிக்கை: எந்தப் புத்தகத்தை வாங்கலாம், எதை விடலாம்

கேள்வி இதுதான். மூன்று ஆண்டுகளாக நெட்வொர்க் நிர்வாகியாக இருக்கும் ஒருவர் பென்டெஸ்டிங்கும் (அனுமதியோடு தாக்கிப் பார்த்து ஓட்டை தேடும் ஊடுருவல் சோதனை) பாதுகாப்புத் தணிக்கையும் கற்க நினைக்கிறார். கையில் பதினான்கு புத்தகங்களின் பட்டியல் இருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கப் பணமும் இல்லை, படிக்க நேரமும் இல்லை. இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே புத்தகம் உண்டா, பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்கிறார். புத்தகப் பெயர் கேட்பதுபோல இருந்தாலும் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் துறையில் அச்சடித்த தாளை நம்பிப் பணம் போடலாமா? போடலாம். எந்தத் தாளில் போடுவது என்பதுதான் யோசிக்க வேண்டியது. கேட்டவருக்கே நேராகப் பதில் சொல்கிறேன்.

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் ஊடுருவல் சோதனை, அப்புறம் தணிக்கை, இப்போது இரண்டும் கலந்து. வெப் அப்ளிகேஷன்களும் நிறுவனங்களின் உள் நெட்வொர்க்கும் எனக்குக் கைப்பழக்கம். தொழிற்சாலைக் கருவிகள், செல்போன் ஆப்கள், ஹார்ட்வேர் பக்கம் நான் வேலை செய்ததில்லை. உங்கள் பட்டியலில் அவை பற்றிய மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.

ஒரே புத்தகத்தில் இரண்டும் கிடைக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு நிறுவனத்துக்குத் தணிக்கைக்காகப் போயிருந்தேன். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கு ஒரே நாளில் முடக்கப்படும் என்று அவர்களுடைய கொள்கை ஆவணத்தில் இருந்தது. நான் எந்த டூலையும் ஓட்டவில்லை. மனிதவளப் பிரிவிடம் கடந்த ஓராண்டில் விலகியவர்களின் பட்டியலை வாங்கினேன். ஆக்டிவ் டைரக்டரியில், அதாவது விண்டோஸ் நெட்வொர்க்கில் எல்லாருடைய கணக்கையும் உரிமையையும் வைத்திருக்கும் இடத்தில், இன்னும் உயிரோடிருக்கும் கணக்குகளின் பட்டியலை வாங்கினேன். எக்ஸெல்லில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பதினேழு பெயர்கள் இரண்டிலும் இருந்தன. மொத்தம் அரை மணி நேரம்.

இதே இடத்துக்கு பென்டெஸ்டராகப் போயிருந்தால், அந்தப் பதினேழில் ஒன்றின் பாஸ்வேர்டை எப்படியாவது பிடித்து உள்ளே நுழைந்து, அங்கிருந்து எதுவரை போக முடிகிறது என்று காட்டியிருப்பேன். தணிக்கைக்காரனாக நான் துருவ வேண்டியிருந்தது வேறு: விலகல் செய்தி மனிதவளத்திலிருந்து ஐடி பிரிவுக்கு எப்படிப் போகிறது, அது போகாவிட்டால் யாருக்குத் தெரியும்? விசாரித்தபோது, நிரந்தர ஊழியர் விலகினால் மட்டும் தானாக ஒரு டிக்கெட் உருவாகும் என்று தெரிந்தது. பதினேழு பேரும் ஒப்பந்த ஊழியர்கள். அந்தக் கணக்குகளை மூடிவிட்டால் பென்டெஸ்டர் சொன்ன குறை தீர்ந்துவிடும். அடுத்த மாதம் பதினெட்டாவது முளைக்கும். முதல் வேலைக்கு வேண்டிய புத்தகம் பாஸ்வேர்டும், நீங்கள் யார் என்பதை டிக்கெட் கொடுத்து உறுதிசெய்யும் கெர்பரோஸும் எப்படி இயங்குகின்றன என்று சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு வேண்டியது, ஒரு நடைமுறையை எப்படிச் சோதிப்பது, எவ்வளவு மாதிரி எடுப்பது, எதைச் சான்று என்று ஏற்பது என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒரே அட்டைக்குள் திணித்த புத்தகங்கள் சிலவற்றைப் புரட்டியிருக்கிறேன். இரண்டுமே மேலோட்டமாகத்தான் இருந்தன.

தணிக்கை என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் உண்டு. சிலர் அதைச் சொல்லும்போது மென்பொருளின் மூல நிரலை வரி வரியாகப் படித்துக் குறை தேடுவதைச் சொல்கிறார்கள். சிலர் சர்வரும் ஃபயர்வாலும் சரியாக அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதைச் சொல்கிறார்கள். இன்னும் சிலருக்கு அது ஐஎஸ்ஓ 27001 போன்ற தகவல் பாதுகாப்புத் தரநிலைக்கு நிறுவனம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. உங்கள் மேலாளர் 'ஆடிட் பக்கம் வா' என்று சொல்லியிருந்தால், இந்த மூன்றில் எது என்று முதலில் அவரிடமே கேளுங்கள். மூல நிரல் தணிக்கை என்றால் 2006இல் வந்த 'தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் செக்யூரிட்டி அசெஸ்மென்ட்' இன்றும் பேசப்படும் நூல். ஆயிரம் பக்கத்துக்கு மேல், பெரும்பகுதி சி மொழி. உங்கள் பின்னணிக்கு அது இப்போது தேவைப்படாது. பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

சரி, பழசாகும் விஷயத்துக்கு வருவோம். இந்தத் துறையின் புத்தகத்துக்குள் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று, எந்த டூலை எப்படி ஓட்டுவது. மற்றது, அடியில் இருக்கும் அமைப்பு எப்படி இயங்குகிறது, எங்கே விரிசல் விடுகிறது. முதல் வகை பால் மாதிரி. இரண்டாவது வகை ஊறுகாய் மாதிரி. ஜார்ஜியா வைட்மனின் 'பெனட்ரேஷன் டெஸ்டிங்' 2014இல் வந்தது. அருமையான ஆசிரியர், தொடக்கக்காரருக்கு அவ்வளவு பொறுமையாக விளக்கியவர்கள் குறைவு. ஆனால் அதன் லேபில், அதாவது பயிற்சிக்காக நாமே கட்டும் இயந்திரத் தொகுப்பில், தாக்கப்படும் இயந்திரங்களில் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பி. அதே 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இன்று அந்த லேபை அப்படியே கட்டுவது தனிப் போராட்டம். நானும் ஒருகாலத்தில் இதே மாதிரி ஒரு பழைய புத்தகத்தின் லேபுக்காக மூன்று வாரக் கடைசிகளைச் செலவழித்தேன். புத்தகம் சொன்ன பதிப்பு கிடைக்கவில்லை, கிடைத்தது பூட் ஆகவில்லை, பூட் ஆனது நெட்வொர்க்கில் சேரவில்லை. மூன்று வாரத்தில் நான் கற்றது வர்ச்சுவல் மெஷின் அமைப்பது மட்டும்தான். அதுவும் தேவையான வித்தைதான், ஆனால் அதற்காக நான் அந்தப் புத்தகம் வாங்கவில்லை.

தாக்குதல்களை ஓட்டிப் பார்க்கும் டூலான மெட்டாஸ்ப்ளாய்ட் பற்றி 2011இல் வந்த புத்தகத்தின் முதல் பதிப்புக்கும் இதே கதி. அதில் வரும் இயங்குதளத்தின் பெயர் பேக்டிராக். 2013இல் அது காளி லினக்ஸ் ஆகிவிட்டது. கட்டளைகளில் சில மாறிவிட்டன. அந்த டூலைக் கற்க அதன் சொந்த ஆவணங்களே போதும். அவை மாறும்போது மாறிக்கொண்டே வரும். டூல் பெயரைத் தலைப்பில் வைத்திருக்கும் எந்தப் புத்தகத்தையும் உங்கள் பட்டியலின் அடிக்குத் தள்ளுங்கள் என்பேன்.

விதிவிலக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெட்வொர்க்கில் எந்த இயந்திரங்கள், எந்த போர்ட்டுகள் திறந்திருக்கின்றன என்று ஸ்கேன் செய்யும் என்மேப்பை எழுதிய கார்டன் லையனே அது பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதன் கணிசமான பகுதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. டூல் புத்தகம்தான், ஆனால் டூல் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லும் புத்தகம். ஒரு போர்ட்டுக்கு சின் பாக்கெட், அதாவது இணைப்பைத் தொடங்கக் கேட்கும் செய்தி, அனுப்புகிறீர்கள். சின்-ஆக் திரும்பினால் அது திறந்திருக்கிறது. ரீசெட் திரும்பினால் மூடியிருக்கிறது. ஆனால் அங்கே ஓர் இயந்திரம் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஒன்றுமே திரும்பவில்லையா, நடுவில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், அல்லது பாக்கெட் வழியில் தொலைந்திருக்கலாம். எது என்று தெரியாததால் டூல் மறுபடி அனுப்பிக் காத்திருக்கிறது. ஃபயர்வாலுக்குப் பின்னால் இருப்பதை ஸ்கேன் செய்யும்போது நேரம் இழுப்பது இதனால்தான். நெட்வொர்க் நிர்வாகியான உங்களுக்கு இதைப் படித்ததும் பத்து ஃபயர்வால் விதிகள் நினைவுக்கு வரும். கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்தவர், ஸ்கேன் முடிவில் 'ஃபில்டர்ட்' என்று வந்தால் அதை ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்பார். அப்படி விழித்த ஜூனியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் விழித்திருக்கிறேன்.

ஒரு புத்தகம் எந்த வகை என்று வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதிரிப் பக்கங்களில் நடுவில் ஏதாவது ஓர் இடத்தைத் திறப்பேன். ஒரு கட்டளை கொடுத்திருந்தால், அது தோற்றுப்போனால் என்ன அர்த்தம் என்று பக்கத்தில் ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாக் கட்டளையும் முதல் முயற்சியிலேயே வெற்றி பெறும் புத்தகத்தை நான் வாங்குவதில்லை. நிஜ வேலையில் பத்தில் ஒன்பது முயற்சி தோற்கும். தோல்வியைப் படிக்கத் தெரிவதுதான் தொழில். அப்புறம், பக்கத்தில் பாதி ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தால் மூடிவிடுவேன்.

இந்த அளவுகோலில் 1993இல் வந்த ஒரு சிறு கட்டுரையே தேறிவிடும். டேன் ஃபார்மரும் வீட்சே வெனிமாவும் எழுதியது. உன் இடத்துக்குள் நீயே புகுந்து பார்த்துப் பாதுகாப்பை மேம்படுத்து என்பது அதன் சாரம். அதில் வரும் ஃபிங்கர், ஆர்எஸ்ஹெச் போன்ற பழைய யூனிக்ஸ் சேவைகள் எல்லாம் இன்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஆனால் ஓர் இயந்திரம் இன்னொன்றை ஏன் நம்புகிறது, அந்த நம்பிக்கையைத் தொடர்ந்து போனால் எங்கே போய்ச் சேரலாம் என்று அவர்கள் யோசித்த விதம் இன்றைய ஆக்டிவ் டைரக்டரிக்கும் அப்படியே பொருந்தும். இலவசம், ஒரு மாலையில் படித்துவிடலாம். புத்தகம் வந்து சேரும் வரை இதைப் படித்துக்கொண்டிருங்கள்.

வெப் பக்கம் எதை வாங்குவது என்பது எளிது. ஸ்டட்டார்டும் பின்டோவும் எழுதிய 'தி வெப் அப்ளிகேஷன் ஹேக்கர்ஸ் ஹேண்ட்புக்', இரண்டாம் பதிப்பு, 2011. மூன்றாம் பதிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அதற்குப் பதிலாகத்தான் ஸ்டட்டார்டின் போர்ட்ஸ்விகர் நிறுவனம் வெப் செக்யூரிட்டி அகாடமி என்ற இலவசப் பயிற்சித் தளத்தை நடத்துகிறது. இவ்வளவு பழைய புத்தகத்தை ஏன் சொல்கிறேன்? அதில் ஃபிளாஷ், சில்வர்லைட், ஜாவா ஆப்லெட் பற்றி வரும் பக்கங்களைத் தயங்காமல் புரட்டித் தள்ளிவிடுங்கள். ஃபிளாஷின் ஆயுள் 2020 கடைசியோடு முடிந்தது. ஆனால் எட்டாம் அத்தியாயம், அணுகல் கட்டுப்பாடு பற்றியது, இன்றும் என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 குறைகள் பட்டியலில் முதல் இடத்தில் இருப்பதும் இதே குறைதான்.

இந்தக் குறை எப்படி இருக்கும் என்றால், நீங்கள் ஒரு தளத்தில் நுழைந்து உங்கள் பில்லைப் பார்க்கிறீர்கள். முகவரியில் 1041 என்று ஓர் எண். அதை 1042 என்று மாற்றினால் அடுத்தவர் பில் வருகிறது. சர்வருக்கு நீங்கள் யார் என்று தெரியும். அந்த பில் உங்களுடையதா என்று மட்டும் அது கேட்கவில்லை. தானியங்கி ஸ்கேனர் இதைப் பெரும்பாலும் தவறவிடும், ஏனென்றால் 1042 வந்தது சரியா தவறா என்று அதற்குத் தெரியாது. பக்கம் ஒழுங்காகத்தான் வந்தது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. எந்த பில் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்த மனிதர்தான் இதைப் பிடிக்க முடியும். இரண்டு கணக்குகளை உருவாக்கி, ஒன்றின் வேண்டுகோளை மற்றதன் அடையாளத்தோடு அனுப்பிப் பார்க்கும் அந்தப் பொறுமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் புத்தகம். அதே புத்தகத்தில் பதினோராம் அத்தியாயம், அப்ளிகேஷனின் தர்க்கத்தில் வரும் குறைகள் பற்றியது, இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் வேலை செய்து சில மாதம் ஆன பிறகுதான் அதன் ருசி தெரியும்.

எப்படிப் படிப்பது என்று கேட்டால், ஓர் அத்தியாயம் புத்தகத்தில், உடனே அதே தலைப்பின் பயிற்சிகள் அகாடமியில். புத்தகம் காரணத்தைச் சொல்லும், தளம் இன்றைய வடிவத்தைக் காட்டும். எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் பற்றிய முதல் பொது விவரிப்பு 1998 டிசம்பரில் ஃபிராக் என்ற ஹேக்கர் இதழில் வந்தது. தரவு என்று நினைத்து வாங்கியதைக் கட்டளையோடு ஒட்டினால் தரவே கட்டளையாகிவிடும் என்ற அந்த ஒரே விஷயம் இருபது ஆண்டு கழித்தும் வேறு வேறு உடையில் வந்துகொண்டிருக்கிறது. அதை ஒருமுறை ஆழமாகப் புரிந்துகொண்டவருக்குப் புது உடை பெரிய சிரமம் தராது.

அடுத்து, உங்கள் பட்டியலில் மேலே இருக்கும் ஜான் எரிக்சனின் 'ஹேக்கிங்: தி ஆர்ட் ஆஃப் எக்ஸ்ப்ளாய்டேஷன்', இரண்டாம் பதிப்பு, 2008. எல்லாரும் பரிந்துரைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் எனக்கு இரண்டு மனம். புத்தகம் உயர்ந்தது. ஒரு ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி ஸ்டாக்கில் (நிரல் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகப் பகுதி) உள்ளீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நீளம் பார்க்காமல் உள்ளீட்டை ஊற்றினால் அந்த முகவரி அழிந்து நீங்கள் சொல்கிற இடத்துக்கு நிரல் போகும் என்பதை அவ்வளவு தெளிவாக விளக்கிய புத்தகம் எனக்குத் தெரிந்து குறைவு. ஆனால் அது 32 பிட் லினக்ஸ் உலகம். இன்றைய இயங்குதளங்களில் முகவரிகள் ஒவ்வொரு முறையும் இடம் மாறும், ஸ்டாக்கில் இருப்பதை நிரலாக ஓட்ட விடாது, திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு காவல் எண் வேறு இருக்கும். பழைய வைஃபை குறியாக்கத்தை உடைக்கும் பகுதியோ வரலாறாகிவிட்டது.

என் பன்னிரண்டு ஆண்டுகளில் வாடிக்கையாளர் வேலைக்காக நானே இப்படிப்பட்ட நினைவகக் குறைக்கு எக்ஸ்ப்ளாய்ட் (குறையைப் பயன்படுத்தி உள்ளே நுழையும் நிரல்) எழுதியது இரண்டே முறை. மற்றபடி உள்ளே நுழைந்ததெல்லாம் பலவீனமான பாஸ்வேர்டு, போடாத பேட்ச், தேவைக்கு மேல் கொடுத்த உரிமை, யாரோ மறந்துபோன பழைய சர்வர் வழியாகத்தான். இது என் அனுபவம் மட்டுமே; மென்பொருள் நிறுவனத்துக்குள் குறை தேடுபவர் வேறு கணக்குச் சொல்வார். அதனால் எரிக்சன் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, முதலாவதாக வேண்டாம் என்கிறேன். பின்னால் ஒருநாள் சி நிரலாக்கமும் ஸ்டாக்கும் வரும் முன்பகுதியை மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படியுங்கள்.

இப்போது, புத்தகமே உதவாத இடம். ஆக்டிவ் டைரக்டரி. நிறுவனங்களின் உள் நெட்வொர்க் சோதனையில் என் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. இங்கே அறிவு பிறப்பது மாநாட்டு உரைகளிலும் ஆய்வாளர்களின் கட்டுரைகளிலும்தான். சர்வீஸ் கணக்குகளின் கெர்பரோஸ் டிக்கெட்டை வாங்கி வந்து வீட்டில் வைத்து பாஸ்வேர்டை உடைக்கும் கெர்பரோஸ்டிங் 2014இல் ஓர் உரையாக வெளிவந்தது. யாருக்கு எந்த இயந்திரத்தில் என்ன உரிமை என்பதைக் கோடு போட்டுக் காட்டும் பிளட்ஹவுண்ட் 2016இல் டெஃப்கான் மாநாட்டில் வந்தது. விண்டோஸ் சான்றிதழ் சேவையின் அமைப்புக் குறைகள் பற்றிய பெரிய ஆய்வு 2021இல். இவை ஒவ்வொன்றும் அச்சேறுவதற்குள் நாங்கள் களத்தில் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். இதற்குப் புத்தகம் வேண்டுமானால் தாக்குதல் புத்தகம் வேண்டாம், விண்டோஸ் நிர்வாகிகளுக்கான நல்ல புத்தகம் ஒன்று வாங்குங்கள். கெர்பரோஸ் ஒழுங்காக இயங்குவது எப்படி என்று தெரியாமல் அதை உடைக்கும் கட்டுரையைப் படித்தால் மந்திரம் படித்த மாதிரி இருக்கும். கிளவுடும் இதே கதைதான். அங்கே சேவை வழங்குபவரின் ஆவணங்கள்தான் பாடநூல்.

தணிக்கைப் பக்கம் நல்ல செய்தி: சிறந்தவற்றில் பல இலவசம். முதலில் அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட 800-115 என்ற வழிகாட்டி, 2008. எண்பது பக்கம் அளவுதான் இருக்கும். வறட்டு நடை, தூக்கம் வரும், ஆனாலும் இரண்டு வேலைகளும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று ஒரே இடத்தில் பார்க்க இதைவிடச் சுருக்கமானது நான் கண்டதில்லை. மதிப்பீட்டுக்கு மூன்று வழி என்கிறது: சோதித்துப் பார்ப்பது, ஆவணத்தையும் அமைப்பையும் பரிசோதிப்பது, ஆட்களிடம் பேசுவது. என் பதினேழு கணக்குக் கதையில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் இருந்தன. பின்னிணைப்பில் வேலை தொடங்கும் முன் வாடிக்கையாளரோடு எழுதிக்கொள்ள வேண்டிய விதிகளுக்கு ஒரு மாதிரிப் படிவமும் இருக்கிறது: எந்த இயந்திரங்கள், எந்த நேரம், எது கூடாது, ஏதாவது விழுந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது. அந்தப் படிவத்தைப் படிக்காமல் ஒரு பாக்கெட்டும் அனுப்பாதீர்கள். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அடுத்தவர் இயந்திரத்தைத் தொட்டால் அது சோதனை இல்லை, குற்றம். நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் சர்வர்களுக்கும் இது பொருந்தும். நிர்வாகி என்பதால் அனுமதி இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

அப்புறம் சிஐஎஸ் பெஞ்ச்மார்க், அதாவது ஓர் இயங்குதளத்தைப் பாதுகாப்பாக அமைப்பதற்கான பரிந்துரைப் பட்டியல். இதை யாரும் புத்தகமாக நினைப்பதில்லை, நான் நினைக்கிறேன். நீங்கள் தினமும் நிர்வகிக்கும் லினக்ஸ் அல்லது விண்டோஸ் பதிப்புக்கானதை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பரிந்துரைக்கும் அது ஏன் தேவை, அதனால் என்ன பாதிப்பு வரலாம், இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது, இல்லாவிட்டால் எப்படிச் சரிசெய்வது என்று தனித்தனியாக எழுதியிருக்கும். தணிக்கைக் குறிப்பு எழுதுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி ஏடு எனக்குத் தெரியாது. முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டாம். இருபது பரிந்துரைகளை எடுத்து உங்கள் வீட்டு லேபில் இருக்கும் ஒரு சர்வரை நீங்களே தணிக்கை செய்து பாருங்கள்.

ஐஎஸ்ஓ 27001க்கு வழிகாட்டி நூல் வாங்குவதானால் மட்டும் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். 2013 பதிப்பில் பின்னிணைப்பில் 114 கட்டுப்பாடுகள், பதினான்கு பிரிவுகள். 2022 பதிப்பில் அவை 93 ஆகச் சுருங்கி நான்கு பிரிவுகளாகிவிட்டன. பழைய எண்களைக் காட்டும் புத்தகத்தை வைத்துப் படித்தால் கூட்டத்தில் நீங்கள் சொல்லும் எண்ணும் எதிரில் இருப்பவர் பார்க்கும் எண்ணும் ஒத்துப்போகாது. தணிக்கை செய்யும் முறைக்கே ஐஎஸ்ஓ 19011 என்று தனி வழிகாட்டி இருக்கிறது. விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், நிறுவனத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு வேலைக்கும் பொதுவாக ஒரே ஒரு புத்தகம் சொல்லியே ஆக வேண்டும் என்று கழுத்தில் கத்தி வைத்தால், ராஸ் ஆண்டர்சனின் 'செக்யூரிட்டி எஞ்சினியரிங்' என்பேன். மூன்றாம் பதிப்பு 2020. முந்தைய பதிப்புகளைப் போல அதையும் அவர் தன் பக்கத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். அவர் 2024இல் காலமாகிவிட்டார். இதில் ஒரு கட்டளைகூடக் கற்க மாட்டீர்கள். ஏடிஎம் முதல் அணு ஆயுதக் கட்டுப்பாடு வரை அமைப்புகள் ஏன் தோற்கின்றன, குறையைச் சரிசெய்யும் அதிகாரம் ஒருவரிடமும் அதனால் வரும் நஷ்டம் இன்னொருவரிடமும் இருந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் பேசுகிறது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் என்பதால் நேராகப் படிக்க முயலாதீர்கள். படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடித்த அத்தியாயத்தைத் திறங்கள்.

பட்டியலில் ஒரு வகை அறவே இல்லை என்பதைக் கவனித்தேன்: எழுதுவது பற்றி. என் முதல் வேலையில் ஸ்கேனர் கொடுத்த முந்நூறு பக்கத்தை அப்படியே அட்டை போட்டுக் கொடுத்தேன். அந்த மேலாளர் புரட்டிவிட்டு, "சரி, நாளைக் காலையில் நான் எதை முதலில் சரிசெய்யணும்?" என்று கேட்டார். பதில் இல்லை. வாடிக்கையாளர் கையில் மிஞ்சுவது ரிப்போர்ட் மட்டுமே. பென்டெஸ்டர்களுக்கான ஓஎஸ்சிபி சான்றிதழ்த் தேர்வுகூட அப்படித்தான்: ஏறத்தாழ ஒரு நாள் தாக்குதலுக்கு, அடுத்த ஒரு நாள் ரிப்போர்ட் எழுத. இதற்குத் தனிப் புத்தகம் தேட வேண்டாம். பல நிறுவனங்கள் தாங்கள் செய்த சோதனைகளின் ரிப்போர்ட்டுகளை வாடிக்கையாளர் ஒப்புதலோடு வெளியிட்டிருக்கின்றன. நாலைந்தை எடுத்து, குறையை எப்படி ஒரே பத்தியில் சொல்கிறார்கள், மறுபடி செய்து பார்க்கும் அளவுக்கு எப்படிப் படிகளை எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

தேர்வு வழிகாட்டிப் புத்தகங்கள் பற்றி என் கருத்து உறுதியானதல்ல. தேர்வு எழுதுவதாக முடிவாகிவிட்டால் வாங்குங்கள், அதன் வேலையைச் செய்யும். வேலை கற்கும் நோக்கில் அதை வாங்கியவர்கள் சொல்வளம் மட்டும் கூடி கைவளம் கூடாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மனம் ஒன்றி உட்கார ஒரு தேர்வுத் தேதி தேவைப்படுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு இதே புத்தகம் நன்றாகவே பயன்பட்டது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்போதைக்கு காசு கொடுத்து வாங்குவது ஒன்றே ஒன்று, அந்த வெப் புத்தகம். அதோடு 800-115, சிஐஎஸ் பெஞ்ச்மார்க், ஆண்டர்சன், எல்லாம் இலவசம். நெட்வொர்க் அடிப்படைப் புத்தகம் எதுவும் வேண்டாம். மூன்று ஆண்டு வேலை அதைக் கற்றுக்கொடுத்திருக்கும். அப்படியும் டிசிபி பக்கம் சந்தேகம் இருந்தால் நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து ஒரு முழு உரையாடலைப் படியுங்கள். நாலைந்து மாதத்துக்குப் பிறகு, எந்த இடத்தில் முட்டி நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது புத்தகத்தை அந்த முட்டல் தேர்ந்தெடுக்கட்டும்.

பழைய பதிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெப் புத்தகத்தின் முதல் பதிப்பு, 2007, பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் வேண்டாம். இரண்டாம் பதிப்பில் சேர்த்தது நிறைய. எரிக்சன் வாங்கும்போது பழைய பிரதியில் பின்னட்டையில் இருக்கும் சிடி காணாமல் போயிருக்கும். புத்தகத்தின் பயிற்சிகள் எல்லாம் அந்த சிடியில் இருக்கும் லினக்ஸை நம்பி எழுதப்பட்டவை என்பதால், அதன் நகல் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வைட்மனின் 2014 புத்தகம் யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், விளக்கங்களுக்காகப் படியுங்கள், லேபை மட்டும் கட்ட உட்காராதீர்கள்.